ஃபோட்டோஷாப் திரையில் கட்டமும் கோடும் தெரிகின்றனவா? கிராபிக்ஸ் கார்டு கோளாறைக் கண்டறிந்து சரிசெய்யும் முழு வழிகாட்டி

மணப்பெண்ணின் முகத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணுக்குக் கீழே கருவளையத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறீர்கள். திடீரென்று கன்னத்தில் ஒரு சதுரம் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிடுகிறது. சுற்றிலும் பெரிய முகம், நடுவில் சின்னதாக ஒரு காதோரம். படத்தை நகர்த்தினால் அந்தச் சதுரம் மறைகிறது, பெரிதாக்கினால் வேறிடத்தில் முளைக்கிறது. சில கணினிகளில் இது வேறு வடிவத்தில் வரும்: கேன்வாஸ் முழுக்கக் கறுத்துவிடும், பிரஷ் போன தடம் அழியாமல் நிற்கும், பேனல்கள் மினுக்கும், பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் வரிசை கட்டும்.

கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்பதுதான். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் வேலை போகும். எழுத்துருக்கள், ஆக்‌ஷன்கள், பிரஷ்கள் எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்க வேண்டும். கோளாறு கேபிளிலோ கார்டிலோ இருந்தால் மறுநாளே திரும்ப வந்துவிடும். படம் கோப்பிலிருந்து கண்ணுக்கு வந்து சேரும் வழியில் மென்பொருள், டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்), கார்டு, கேபிள், மானிட்டர் என்று ஐந்து இடங்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் கெடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டால், சரிசெய்வது பல நேரம் பத்து நிமிட வேலை.

கோப்பு கெட்டுவிட்டதா?

எல்லோருக்கும் முதலில் வரும் பயம் இதுதான். பெரும்பாலும் கெட்டிருக்காது. ஃபோட்டோஷாப் படத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. லேயர்களைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு அந்தத் துண்டுகளின் பிரதி கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குப் போகிறது. பெரிதாக்குவது, நகர்த்துவது, கேன்வாஸைச் சுழற்றுவது எல்லாம் அந்தப் பிரதியை வைத்துக் கார்டு செய்யும் வேலை. ஒரு துண்டு போய்ச் சேராவிட்டாலோ, பழைய துண்டு நீங்காவிட்டாலோ கேன்வாஸில் சதுரம் தெரியும். கோளாறு பெரும்பாலும் கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. உங்கள் உண்மையான பிக்சல்கள் கணினியின் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை மறந்துவிடக் கூடாது. லிக்விஃபை, பிளர் கேலரி, கேமரா ரா போன்றவை கணக்கையே கார்டிடம் ஒப்படைக்கக்கூடியவை. கார்டு தவறாகக் கணக்கிட்டால் அந்தத் தவறு பிக்சலாகவே கோப்புக்குள் எழுதப்பட்டுவிடும். அதனால் கோளாறு கண்ட உடனே வேறு எதையும் தொடாமல், வேறு பெயரில் ஒரு பிரதியைச் சேமியுங்கள். பிறகு ஒரு ஜேபெக் எடுத்து அதைக் கைபேசியில் திறந்து பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் கோப்பு நலம். அங்கேயும் கட்டம் தெரிந்தால் ஹிஸ்டரி பேனலில் பின்னோக்கிப் போய், எந்தப் படியில் அது நுழைந்தது என்று பார்த்து அதற்கு முந்தைய நிலைக்குத் திரும்புங்கள்.

கேன்வாஸ் முழுக்கக் கறுத்துச் சேமிக்கவே வழியில்லாமல் போனால், விண்டோஸ் விசையோடு கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் இருண்டு, ஒரு சிறு ஒலியோடு திரும்ப வரும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் மென்பொருள்கள் பொதுவாக அப்படியே இருக்கும். திரை தெளிந்ததும் முதல் வேலையாகச் சேமித்துவிட்டு ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள்.

ஒரு ஸ்கிரீன்ஷாட் சொல்லும் செய்தி

காசில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து வேறில்லை. கோளாறு தெரியும்போது பிரின்ட் ஸ்கிரீன் விசையால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு திரையில் பாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டிலும் கோளாறு பதிந்திருந்தால், படம் கணினிக்குள்ளேயே கெட்டுவிட்டது என்று பொருள்: மென்பொருள், டிரைவர், கார்டு ஆகிய மூன்றில் ஒன்று. ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்து உங்கள் திரையில் மட்டும் தெரிந்தால், கார்டிலிருந்து வெளியே போகும் வழியைச் சந்தேகியுங்கள். கேபிளைக் கழற்றி இறுக்கிச் செருகுங்கள். கார்டில் வேறொரு துளையில் மாட்டிப் பாருங்கள். வேறு கேபிள், முடிந்தால் வேறு மானிட்டர். 144 ஹெர்ட்ஸ் புதுப்பிப்பு வேகத்தில் ஓடும் மானிட்டரை 60-க்கு இறக்கிப் பாருங்கள். தரம் குறைந்த கேபிள் 60-இல் ஒழுங்காக இருந்து, அதற்கு மேல் போனால் தடுமாறும்.

மினுக்கல் மட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் எளிதில் சிக்காது. கைபேசியில் திரையை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப் முன்னால் இருக்கும்போது மட்டும் மானிட்டரின் வெளிச்சம் ஏறி இறங்கினால், ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் போன்ற வசதிகள் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவை விளையாட்டுகளுக்காகப் புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பவை. முழுத்திரை விளையாட்டுகளுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும். மடிக்கணினியில் இன்டெல் கிராபிக்ஸ் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் 'பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்' வசதியை நிறுத்திப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: வேறு எங்கெல்லாம் தெரிகிறது? அதே படத்தை ஜிம்ப் என்ற இலவசப் படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஜிம்ப் தன் கேன்வாஸைப் பெரும்பாலும் பிராசஸரைக் கொண்டே வரைகிறது. ஃபோட்டோஷாப்பில் மட்டும் கோளாறு என்றால் அதன் அமைப்புகளிலும் டிரைவரிலும் தேடுங்கள். பிரவுசர், வீடியோ என எங்கும் தெரிந்தால் டிரைவர் அல்லது கார்டு. கணினியை இயக்கியதும் விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் மென்பொருளில் தேடுவதை நிறுத்திவிட்டுக் கார்டு பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

கோளாறே இல்லாதவை

500 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கினால் மெல்லிய வலை ஒன்று படத்தின் மேல் தெரியும். அது பிக்சல் கிரிட். வியூ மெனுவில் ஷோ என்பதற்குள் போய் நிறுத்திக்கொள்ளலாம். 33.3, 66.7 போன்ற அளவுகளில் பட்டுச்சேலையின் ஜரிகை அலையலையாகத் தெரிவதும் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டுத் தெரிவதும் சுருக்கிக் காட்டுவதன் விளைவு. 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் கோளாறு என்று சொல்ல வேண்டும். வானத்தின் நீலம் பட்டை பட்டையாகத் தெரிந்தால், படம் 8 பிட்டில் இருப்பதே பெரும்பாலும் காரணம்.

வெள்ளைப் பின்னணி மஞ்சளாகத் தெரிவது சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் பலர் இதற்காக மானிட்டரையே மாற்றிவிடுகிறார்கள். ஃபோட்டோஷாப்பில் மட்டும் வெள்ளை மஞ்சளித்து, வேறு எங்கும் சரியாக இருந்தால் மானிட்டரின் வண்ணக் கோப்பு (அது நிறங்களைக் காட்டும் விதத்தை விவரிக்கும் புரொஃபைல்) பழுதாகியிருக்கும். வியூ, ப்ரூஃப் செட்டப், மானிட்டர் ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுங்கள். மஞ்சள் உடனே மறைந்தால் சந்தேகம் உறுதி. விண்டோஸின் தேடல் பெட்டியில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, உங்கள் மானிட்டரைத் தேர்ந்து, இந்தச் சாதனத்துக்கு என் அமைப்புகளைப் பயன்படுத்து என்ற பெட்டியில் குறியிட்டு, எஸ்ஆர்ஜிபி வண்ணக் கோப்பைச் சேர்த்து அதையே இயல்பானதாக்குங்கள். பிறகு ஃபோட்டோஷாப்பை மூடித் திறக்க வேண்டும். அச்சுக்குப் போகும் வேலை செய்பவர்கள் இதோடு நின்றுவிடாமல், அளவி கொண்டு மானிட்டரை முறையாக அளந்து புதிய வண்ணக் கோப்பு உருவாக்கிக்கொள்வது நல்லது.

ஃபோட்டோஷாப்புக்குள் செய்ய வேண்டியவை

எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதற்குள் பெர்ஃபார்மன்ஸ். அங்கே 'யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்' என்ற பெட்டியின் குறியை எடுத்துவிட்டு, ஃபோட்டோஷாப்பை முழுவதுமாக மூடித் திறங்கள். கோளாறு அப்படியே நீடித்தால் ஃபோட்டோஷாப் கார்டைப் பயன்படுத்தும் விதத்தில் சிக்கல் இல்லை. மறைந்துவிட்டால் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். குறியை எடுத்தேன், சரியாகிவிட்டது என்று. இது சோதனை மட்டுமே. மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வசதி ஃபோட்டோஷாப் சிஎஸ்4-இல், 2008-இல் வந்தது. அதன் பிறகு கேன்வாஸைச் சுழற்றுவது, இழுத்துப் பெரிதாக்குவது, தூக்கி எறிந்தாற்போல் நகர்த்துவது என்று கை பழகிய பல வசதிகள் இதை நம்பியே எழுதப்பட்டன. குறியை எடுத்தால் அவை போய்விடும், சில ஃபில்டர்களும் வேலை செய்யாது. ஆகவே குறியைத் திரும்ப இட்டு, பக்கத்திலிருக்கும் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்துங்கள்.

அங்கே காண்பவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து சோதியுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும். நான் பின்பற்றும் வரிசை இது:

1. '30 பிட் டிஸ்பிளே' குறியை எடுத்தல். 10 பிட் மானிட்டர் இல்லாதவர்களுக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை.
2. 'யூஸ் ஓபன்சிஎல்' குறியை எடுத்தல். கணக்கு வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி இது. ஃபில்டர் போடும்போது மட்டும் சிதறினால் இதையே முதலில் செய்யுங்கள்.
3. பழைய பதிப்புகளில் 'டிராயிங் மோட்' என்பதை அட்வான்ஸ்டிலிருந்து நார்மலுக்கும், பிறகு பேசிக்குக்கும் இறக்குதல்.
4. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'லெகசி கம்போசிட்டிங்' என்பதில் குறியிடுதல். லேயர்களைச் சேர்க்கும் பழைய முறைக்கு இது திரும்புகிறது.
5. பிரிஃபரன்சஸில் 'டெக்னாலஜி பிரிவியூஸ்' பக்கத்தில் 'டீஆக்டிவேட் நேட்டிவ் கேன்வாஸ்' இருந்தால் அதில் குறியிடுதல்.

பதிப்புக்குப் பதிப்பு இவற்றில் சில இடம் மாறும், சில இல்லாமலே போகும். உங்கள் பதிப்பில் காணாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழைய அளவிலேயே நின்றுவிடும் சதுரம், அதாவது இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன வகை, நான்காவது அல்லது ஐந்தாவதில் தீர்வதை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

எதுவும் பலிக்காவிட்டால் அமைப்புகளை முழுவதுமாக மீட்டமைக்கலாம். ஆக்‌ஷன்களையும் பிரஷ்களையும் முதலில் தனிக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பிறகு ஃபோட்டோஷாப்பைத் திறக்கும் அதே நொடியில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால், அமைப்புக் கோப்பை நீக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள்.

எந்தக் கார்டு ஓடுகிறது?

மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: பிராசஸரோடு ஒட்டிய இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் ஒன்று, தனியாக என்விடியா போன்ற கார்டு ஒன்று. காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்க, சின்னது ஃபோட்டோஷாப்பைச் சுமந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே மாறும் கணத்தில் திரை சிதறும். ஹெல்ப் மெனுவில் 'ஜிபியு கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் திறந்தால் எந்தக் கார்டு பயன்படுகிறது, அது தகுதி பெறுகிறதா என்று தெரியும். தவறான கார்டு தெரிந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய் ஃபோட்டோஷாப்பைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள். ஃபோட்டோஷாப் நிறுவிய அதே கோப்புறையில் 'ஸ்னிஃபர்' என்றொரு நிரல் இருக்கும். கார்டைச் சோதிக்கும் வேலை அதனுடையது, அதையும் சேர்த்துவிடுங்கள். மேசைக் கணினியில் மானிட்டர் கேபிள் தாய்ப்பலகையில் மாட்டப்பட்டிருக்கிறதா, கார்டிலா என்று பின்புறம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. என்விடியாவின் ஜிடி 710, ஜிடி 730 கார்டுகள் நம் ஊர் வடிவமைப்புக் கடைகளில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. ஃபோட்டோஷாப்பின் சமீபத்திய பதிப்புகள் டைரக்ட்எக்ஸ் 12-இன் (மென்பொருள்கள் கார்டைப் பயன்படுத்த விண்டோஸ் தரும் இடைமுகம்) 12_0 நிலையைக் கேட்கின்றன. கார்டில் குறைந்தது 1.5 ஜிபி நினைவகமும், 4கே திரைக்கு 4 ஜிபியும் வேண்டும் என்கின்றன. ஜிடி 710-க்குள் இருக்கும் கெப்ளர் வகைச் சில்லு 11_0 நிலையோடு நின்றுவிடுகிறது. அந்த வகைக்கான வழக்கமான டிரைவர் மேம்பாட்டையும் என்விடியா 2021-இல் நிறுத்திவிட்டது. இந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். 'யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்' குறியை எடுத்துவிட்டே வேலை செய்வது, பழைய ஃபோட்டோஷாப் பதிப்பில் தொடர்வது, கார்டை மாற்றுவது: இந்த மூன்றில் ஒன்றுதான் வழி.

டிரைவர்

விண்டோஸ் தானாகப் போடும் டிரைவரை நம்பி இருக்காதீர்கள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். சில மடிக்கணினிகளுக்கு அவற்றைத் தயாரித்த நிறுவனம் தரும் டிரைவரே ஒத்துப்போகும். என்விடியாவில் இரண்டு வகை உண்டு: புதிய விளையாட்டுகளுக்காக அடிக்கடி வரும் கேம் ரெடி, படம் மற்றும் வீடியோ வேலைக்காகக் கூடுதலாகச் சோதித்து 2019 முதல் வெளியிடப்படும் ஸ்டூடியோ. படத்தொகுப்பு செய்பவர்கள் ஸ்டூடியோவையே போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறுவும்போது 'கஸ்டம்' தேர்ந்து, 'கிளீன் இன்ஸ்டலேஷன்' பெட்டியில் குறியிடுங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்து, ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு தொடங்கியது என்றால் எதிர்த்திசையில் போக வேண்டும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதற்குள் கார்டின் மேல் வலது சொடுக்கி, பிராபர்ட்டீஸ், டிரைவர், 'ரோல் பேக் டிரைவர்'. அதற்கும் அசையாவிட்டால் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. வேண்டிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் (குறைந்தபட்ச டிரைவர்களோடு விண்டோஸ் தொடங்கும் முறை) போய் அந்தக் கருவியால் பழையதை வேரோடு நீக்கிவிட்டு, புதியதை நிறுவுங்கள். இணையத்தைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் நீக்கிய மறுகணமே விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.

திரை இருண்டு இருண்டு திரும்பினால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். ஒரு வேலை கொடுத்து 2 விநாடிக்குள் கார்டு பதில் தராவிட்டால், அது உறைந்துவிட்டது என்று விண்டோஸ் முடிவு கட்டி டிரைவரைத் திரும்பத் தொடங்கும். அதன் பதிவுதான் அந்த எண். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், இந்தக் காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் 'டிடிஆர் டிலே' மதிப்பை 8 அல்லது 10 விநாடியாக உயர்த்தும் வழி பரவலாகச் சொல்லப்படுகிறது. பெரிய படத்தில் கனமான ஃபில்டர் போடும்போது மட்டும் நேர்ந்தால் அது உதவும். சும்மா நகர்த்தும்போதே நேர்ந்தால், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது நோயை மறைப்பதாகிவிடும்.

திரைமேல் எழுத்துகளைக் காட்டும் கருவிகள், திரைப்பதிவு மென்பொருள்கள், கார்டின் வேகத்தை ஏற்றும் கருவிகள் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரு தடவை சோதியுங்கள்.

நினைவகமும் சூடும்

12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டை 300 டிபிஐயில் திறந்தால் 10,800-க்கு 3,600 பிக்சல், ஏறத்தாழ 3.9 கோடி பிக்சல்கள். 8 பிட்டில் ஒரு முழு லேயருக்கு 155 எம்பிக்கு மேல் வரும். இப்படி ஆறேழு ஷீட்டுகளை ஒரே நேரத்தில் திறந்து, பக்கத்தில் பிரவுசரில் இருபது பக்கங்களையும் வைத்தால் 2 ஜிபி கார்டு திணறத்தான் செய்யும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு என்று போய் 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். விளிம்பைத் தொடும்போதுதான் கட்டம் தெரிகிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

தனிக் கார்டின் வெப்பநிலையும் அங்கேயே தெரியும். தொடங்கி அரை மணி கழித்தே கோளாறு வருகிறது, ஆறவிட்டால் போய்விடுகிறது என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, விசிறியின் இறகுகளைக் கையால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள். கார்டைக் கழற்றி இறுக்கிச் செருகுங்கள்; அதற்கு வரும் மின் இணைப்புகளையும் அழுத்தி விடுங்கள். வேகத்தை ஏற்றி வைத்திருந்தால் இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பயாஸ் திரையிலேயே ஒரே இடைவெளியில் புள்ளிகளோ செங்குத்துக் கோடுகளோ நின்றால், கார்டின் நினைவகச் சில்லுகள் பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி. வேறு கணினியில் மாட்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சில்லைச் சூடேற்றிச் சரிசெய்து தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்த வித்தை நீடிப்பதில்லை. பழைய கார்டு வாங்குபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளைக் கொண்டு கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும் 'மைனிங்' முறையை 2022 செப்டம்பரில் கைவிட்டபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பிற மென்பொருள்கள்

ஓவியம் வரையும் மென்பொருளான கிரிட்டாவில் கேன்வாஸ் வெறுமையாகவோ கறுப்பாகவோ தெரிந்தால், செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டிஸ்பிளே என்று போங்கள். விண்டோஸில் ஓபன்ஜிஎல், டைரக்ட்3டி என இரண்டு வழிகள் இருக்கும். இருப்பதை மற்றதற்கு மாற்றி, மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரா படங்களைத் திருத்தும் டார்க்டேபிளில் ஓபன்சிஎல் வசதியை நிறுத்திச் சோதியுங்கள். மேக் கணினிகளில் டிரைவர் தனியாக வராது, மேக்ஓஎஸ் புதுப்பிப்போடுதான் வரும். அங்கே இயங்குதளத்தைப் புதுப்பிப்பதே டிரைவரைப் புதுப்பிப்பது.

கார்டுக்கு உத்தரவாதம் இருந்து நிறுவனத்திடம் அனுப்ப வேண்டியிருந்தால், பயாஸ் திரையைக் கைபேசியில் எடுத்த படம், ஸ்கிரீன்ஷாட், டிரைவர் பதிப்பு எண், ஹெல்ப் மெனுவின் 'சிஸ்டம் இன்ஃபோ' தரும் முழு விவரம், வேறு கணினியிலும் சோதித்தீர்களா என்ற குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள். கோளாறு டிரைவரால் தீர்ந்திருந்தால், தீர்த்துவைத்த அந்த டிரைவரின் நிறுவல் கோப்பைப் பதிப்பு எண்ணோடு பெயரிட்டுத் தனி டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த புதுப்பிப்பு பழையபடி சிதறவிட்டால், தேடி அலையாமல் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.